அந்த ரூம்ல நான்தான் இருந்தேன்

விருதுநகர் போறேம்மா. மதுரை வரைக்கும் இந்த பஸ்ஸு, அங்க இறங்கி மாறணும். நீங்க? திண்டுக்கல்லா. அப்ப இன்னும் நேரம் கிடக்கு. அந்தப் பையை ஏன் மடியில வச்சுக் கஷ்டப்படுறீங்க, கீழ வைங்க. ஒண்ணும் ஆகாது.

கோயம்புத்தூர்ல எனக்கு யாரும் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எனக்கில்ல. எனக்கு அறுபத்தியோரு வயசு, இன்னிக்கு வரைக்கும் ஒரு மாத்திரை கிடையாது. என் தம்பி மகளுக்கு. எட்டு வயசாகுது. பேரு தன்விகா. வாயில நுழையலையா? எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. என்ன அர்த்தம்னு கேட்டேன், என் தம்பி பொண்டாட்டி போனை எடுத்துத் தட்டிப் பார்த்துட்டுச் சொன்னா. பெத்த பிள்ளைக்கு வச்ச பேரு, அர்த்தம் போன்ல கிடக்கு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு இவ எப்படிப் பிள்ளை வளப்பான்னு.

பிள்ளைக்கு வலிப்பு. மூணு வயசுல வந்தது. சரியாயிரும் சரியாயிரும்னு அஞ்சு வருஷம் போயிருச்சு. ஒரு மருந்து குடுத்தாங்க, அடங்கல. ரெண்டு சேர்த்துக் குடுத்தாங்க. இப்ப நாலு மருந்து. காலையில நாலு, சாயந்திரம் நாலு. பிள்ளை எந்நேரமும் அசந்துபோய் உக்காந்திருக்கும், வலிப்பு மட்டும் அது பாட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத வகையாம். அதைக் கண்டுபிடிக்க இவங்களுக்கு அஞ்சு வருஷம்.

சரி, ஆபரேஷன் பண்ணலாம்னாங்க. மூளையில எந்த இடத்துல இருந்து கிளம்புதோ அந்தத் துளியூண்டு இடத்தை எடுத்துட்டா நின்னுரும், நிறையப் பிள்ளைங்க நல்லாயிருக்காங்கன்னாங்க. எடுங்கன்னோம். எந்த இடம்னு தெரியலையாம். ஒரு மிஷினு இடது பக்கம்ங்குது, இன்னொரு மிஷினு வலது பக்கம்ங்குது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்மா, சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு. இவங்க பேருக்குப் பின்னாடி அரை முழத்துக்கு எழுத்துப் போட்டிருக்காங்க.

நான் டீச்சர். முப்பத்திரண்டு வருஷம். கடைசி ஒன்பது வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ். தனபாக்கியம் டீச்சர்னு எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க. பேரைச் சொன்னாலே இன்னிக்கும் சட்டை பட்டனைப் போட்டுக்குவானுக, பேரன் எடுத்தவனுக கூட. நான் இருக்கிற வகுப்புல சத்தம் வராது. எந்தப் பிள்ளை நடிக்குது, எந்தப் பிள்ளைக்கு நிஜமாவே முடியலன்னு மூஞ்சியைப் பார்த்த உடனே சொல்லிருவேன். இந்த டாக்டருங்களுக்கு அதுக்கு ஒம்பது மிஷின் வேணும்.

அந்த டாக்டரம்மா பேரு நஸ்ரின். என்கிட்டப் படிச்ச பிள்ளைங்க வயசுதான் இருக்கும். தலையை ஒழுங்கா வாரக்கூட நேரமில்ல, இவ மூளையைப் பார்க்கப் போறா. எங்க மூணு பேரையும் உக்கார வச்சு விளக்கம் சொல்றா. மூணு பேருன்னா என் தம்பி குணசேகரன், அவன் பொண்டாட்டி இந்துமதி, நான். மூளைக்குச் சாப்பாடு சர்க்கரைதானாம். வலிப்பு இல்லாத நேரத்துல, அந்தக் கெட்டுப்போன இடம் மட்டும் சோம்பிப்போய்க் கிடக்குமாம், சர்க்கரையைச் சரியா எடுத்துக்காதாம். அதனால லேசா கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில ஏத்தி, ஒரு மணி நேரம் கழிச்சுப் படம் எடுத்தா, நல்ல இடமெல்லாம் பளிச்சுன்னு தெரியும், அந்த இடம் மட்டும் மங்கலாத் தெரியும். பெட் ஸ்கேனுங்கிறாங்க.

நான் ஒரு தடவை கேட்டா திருப்பிச் சொல்லிருவேன், ஒரு எழுத்து மாறாது. நம்புறேன்னு அர்த்தம் இல்ல. சொன்னதைச் சொல்றேன். ஆனா ஒண்ணு, அந்த ஒரு மணி நேரத்துல பிள்ளைக்கு வலிப்பு வரக்கூடாதாம். வந்தா அந்தச் சோம்பேறி இடம் பேய்த்தீனி தின்னுருமாம். படத்துல அது பளிச்சுன்னு ஆகி, அதுக்குப் பக்கத்துல வச்சுப் பார்க்கும்போது நல்லா இருக்கிற பக்கம் மங்கலாத் தெரியுமாம். தலைகீழாப் போயிருமாம். நான் என் தம்பியைப் பார்த்தேன், அவன் மண்டையை மண்டையை ஆட்டுறான். சின்ன வயசுலயே அவன் அப்படித்தான், யார் என்ன சொன்னாலும் ஆட்டுவான். எங்க அம்மா போனப்ப அவனுக்கு ஆறு வயசு. நான்தான் வளர்த்தேன். அவனுக்காகத்தான் நான் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கல. அதை விடுங்க.

ஸ்கேன் எடுக்கிற இடம் ஆஸ்பத்திரியில இல்ல, வேற தெருவுல. பிள்ளை ராத்திரி சாப்பிட்டதோட சரி, காலையில பச்சைத் தண்ணி மட்டும். ஊசி போட்டதுக்கப்புறம் ஒரு மணி நேரம் பிள்ளை இருட்டு ரூம்ல ஆடாம அசையாம படுத்திருக்கணும். பேசக்கூடாது, போன் பார்க்கக்கூடாது, பாட்டு கேக்கக்கூடாது. கூட ஒரு ஆள்தான் இருக்கலாம். இந்துமதி இருக்க முடியாது, ஏன்னா அம்மா முழுகாம இருக்கா, நாலு மாசம். கதிர் இருக்கிறதால உண்டானவங்களை உள்ள விடமாட்டாங்க. இருக்கிற ஒண்ணைப் பார்க்கவே துப்பில்ல, இதுல ரெண்டாவது. நான் வாயைத் திறந்து சொல்லல. மூஞ்சியில தெரிஞ்சிருக்கும்.

குணா நான் இருக்கேன்னான். ஊசியைப் பார்த்தாலே அவனுக்குக் கண்ணு இருட்டும். போடா வெளியன்னு சொல்லிட்டு நான் போனேன்.

உள்ள போறதுக்கு முன்னாடி இந்துமதி என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு என்னென்னமோ சொல்றா. "மதினி, அவளுக்கு எல்லாத் தடவையும் விழுந்து கை கால் வெட்டாது மதினி. சில நேரம் சும்மா வெறிச்சுப் பார்ப்பா, அதுவும் அதுதான்." எனக்குப் பாடம் நடத்துறா. சரிம்மான்னு வந்துட்டேன். பிள்ளைங்க வெறிச்சுப் பார்க்கிறதை நான் பார்க்காததா? அம்பது பிள்ளை இருக்கிற வகுப்புல முப்பது பிள்ளை வெறிச்சுத்தான் பார்க்கும். கணக்குப் பாடம்னா அம்பதும் பார்க்கும்.

அந்த ஸ்கேன் பையன் வேற. என்னைப் பார்த்து, "பாட்டி, ஏதாவது வித்தியாசமா இருந்தா இந்த பெல்லை அமுக்குங்க. இங்க தலையில வயர் மாட்டிப் பார்க்கிற வசதி இல்ல. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்"னான். பாட்டியாம். டீச்சர்னு சொல்லுன்னேன். சரிங்க டீச்சர்னான். முதல்லயே அப்படிச் சொல்லியிருக்கணும்.

ஊசி போட்டது பத்து இருபதுக்கு. என் வாட்ச்சுல முள்ளு இருட்டுல தெரியும். நாற்காலியை அவளுக்கு வலது பக்கமாப் போட்டு உக்காந்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டேன். கண்ணை மூடு, அசையாதேன்னேன். எப்படிக் கிடந்தாங்கிறீங்க! அவ அம்மாகிட்டன்னா தண்ணி குடு, கதை சொல்லுன்னு நூறு கேப்பா. என்கிட்ட மூச்சு விடல. இடையில ஒரு தடவை கொஞ்சம் சேட்டை பண்ணுனா. வாயைச் சப்புச் சப்புன்னு சப்புக்கொட்டினா. பசி, வேற என்ன. காலையில இருந்து வயித்துல ஒண்ணுமில்ல. பீச்சாங்கையால போர்வையைப் பிடிச்சுப் பிடிச்சு இழுத்தா, நூலைப் பிய்க்கிற மாதிரி. தன்விகான்னேன், அதட்டித்தான் கூப்பிட்டேன். காதுல வாங்கல. கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு மோட்டுவளையைப் பார்க்கிறா. நான் பிடிச்சிருந்த கை விறைச்சுக்கிட்டு முறுக்கிக்கிட்டு நிக்குது. பிடிவாதம். அவ ஆத்தா பிடிவாதம் அப்படியே. நான் விட்டேனா? அமுக்கிப் பிடிச்சேன். ஒரு ரெண்டு நிமிஷம் இருக்கும், அடங்கிட்டா. அதுக்கப்புறம் நல்ல தூக்கம். ஸ்கேனுக்குக் கூப்பிட வந்தப்பகூட எழுப்பித்தான் கூட்டிட்டுப் போனாங்க.

எங்க பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்புல ஒருத்தி இருந்தா, செல்வமேரின்னு. இதே மாதிரி. நடத்திக்கிட்டே இருப்பேன், இவ மோட்டைப் பார்த்து வாயைச் சப்புவா. கூப்பிட்டா காது கேக்காது. மணலைக் கொட்டி அதுல முட்டி போட வச்சேன், நாலு நாள். அதோட வகுப்புல வாயைச் சப்புறது நின்னுபோச்சு. அந்தப் பிள்ளையே நின்னுபோச்சு, அது வேற கதை. அவங்க அப்பன் குடிகாரன்.

அந்த ஸ்கேன் பையன் வந்து ஏதாவது இருந்துச்சா டீச்சர்னான். ஒண்ணும் இல்லைன்னேன். நான் இருந்த ரூம்ல என்ன இருக்கும்?

மூணாம் நாள் படம் வந்துச்சு. வலது பக்கம் மங்கலா இருக்காம். டாக்டரம்மாவுக்கு மூஞ்சியே இல்ல. ஏன்னா அதுக்கு முன்னாடி தலை பூரா வயர் மாட்டி நாலு நாள் பார்த்தாங்களே, அதுல இடது பக்கம்னு வந்திருக்கு. இந்துமதி போன்ல பிடிச்சு வச்சிருந்த படத்தை எல்லாம் பார்த்துட்டும் இடது பக்கம்னுதான் சொல்லியிருக்காங்க. ஆமா, வலிப்பு வரும்போது படம் பிடிப்பா. பிள்ளை துடிக்குது, தாய்க்காரி போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. டாக்டர் சொன்னாங்களாம். டாக்டர் சொன்னா கிணத்துல குதிப்பாளா? அந்தக் கண்றாவியை எனக்கும் அனுப்புவா, நான் ஒண்ணைக்கூடத் திறந்து பார்த்ததில்ல.

அப்பத்தான் எங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேள்வி. கேள்வி எங்களைன்னு பேரு, பார்வையெல்லாம் என் மேலதான். அந்த ஒரு மணி நேரத்துல பாப்பாவுக்கு ஏதாவது வந்துச்சாங்கம்மா? இல்லை. முழிச்சிருந்தாளா? பாதி நேரம். கூப்பிட்டா பார்த்தாளா? எனக்குச் சுள்ளுனு ஏறிருச்சு. போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வச்ச மாதிரி என்னை. போதாததுக்கு இந்த இந்துமதி, "மதினி, வாயை இப்படிச் சப்புனாளா?"ன்னு சப்பிக் காட்டுறா, அத்தனை பேர் முன்னாடி. நான் அவளைப் பார்த்துக்கிட்டே சொன்னேன், இல்லைன்னு.

சப்பினாதான். உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. பசியில ஒரு பிள்ளை வாயைச் சப்புறதை எல்லாம் போய் ஒரு டாக்டர்கிட்ட வாக்குமூலமாக் குடுக்கணுமாக்கும். குடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? பார்த்தீங்களா, இவங்களை உள்ள விட்டீங்க, கோட்டை விட்டுட்டாங்கன்னு ஆயிரும். அஞ்சு வருஷமா பிள்ளையைப் பார்க்கத் தெரியாதவ, அந்த ஒரு மணி நேரத்தை என் தலையில கட்டிட்டுத் தப்பிச்சிருவா. எழுதிக்கோங்க, ஒண்ணும் நடக்கலன்னேன். அந்த டாக்டரம்மாவும் எழுதிக்கிட்டா.

அதுக்கப்புறம் நாலு டாக்டர் கூடிப் பேசினாங்களாம். நாலு பேர் கூடினா நல்ல முடிவா வரும்? அந்த ஒரு மணி நேரத்துல வலிப்பு வந்திருந்தா படம் செல்லாது, கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்ப எடுக்கலாமாம். வரலன்னா படம் சரியான படமாம். சரியான படம் வலதுங்குது, வயரு இடதுங்குது, ரெண்டும் ஒத்துப்போகல. அதனால தலையில ரெண்டு பக்கமும் சின்னச் சின்னதா ஓட்டை போட்டு, உள்ள மெல்லிசா கம்பியை விட்டு, ஒரு வாரம் ஆஸ்பத்திரியிலயே வச்சுப் பார்க்கணுமாம். ஒவ்வொரு பக்கமும் ஆறு ஓட்டை. பன்னெண்டு. போர் போடுறவன்தான் தண்ணி எங்கன்னு தெரியாம தோட்டம் பூரா தோண்டுவான். இது பிள்ளையோட தலைம்மா. ரத்தம் கசியலாம், எல்லாத்துக்கும் சம்மதம்னு கையெழுத்து வேற கேக்கிறாங்க. நாளைக்குக் காலையில ஓட்டை போடுறாங்களாம்.

எனக்கு வயிறு எரியாதா? எரியுது. அதான் கத்திட்டேன். அந்த டாக்டரம்மாவை, நீ யார்கிட்டம்மா படிச்சேன்னு கேட்டுட்டேன். உனக்கு இடது வலது தெரியலன்னா என் தம்பி மகள் தலையிலயா பழகுவேன்னு. குணாதான், அக்கா நீ ஊருக்குப் போக்கான்னுட்டான். என் தம்பி. நான் குளிப்பாட்டி வளர்த்த தம்பி. அந்த இந்துமதி சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா, ஒரு வார்த்தை தடுக்கல. பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன்.

கிளம்புறப்ப பிள்ளைகிட்டப் போனேன். இன்னிக்குத் தலைமுடி எடுக்கப் போறாங்கன்னு சொல்லியிருக்காங்க, அது பாட்டுக்கு ரிப்பனைக் கையில சுத்திக்கிட்டு உக்காந்திருக்கு. அத்தை உன் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்ல, அந்த மாதிரி தைரியமா இருக்கணும்னேன். அது என்னைப் பார்த்து, "எப்ப அத்தை?"ங்குது. ஸ்கேன் எடுத்தப்பன்னேன். ஊசி போட்டாங்க, நீங்க உக்காந்தீங்க, அப்புறம் எழுப்புனாங்க, கையைப் பிடிச்சீங்களா, எனக்குத் தெரியலையேங்குது. பார்த்தீங்களா அவ ஆத்தா எப்படிச் சொல்லிக் குடுத்திருக்கான்னு? கை வலிக்க வலிக்கப் பிடிச்சிருந்தேம்மா நான். எனக்கு அழுகை வந்துருச்சு. அந்தச் சின்னதுகிட்டக் கூடவா என்னை இல்லைன்னு ஆக்கணும்.

என்னது? யாருக்கு? உங்க தம்பிக்கா?

சின்ன வயசுல இருந்தா. இப்ப எத்தனை வயசு? இருபத்தி ரெண்டு. விழமாட்டாரா? ஒரு தடவைகூட விழுந்ததில்லையா? வாயைச் சப்பிக்கிட்டு, சட்டை பட்டனைத் திருகிக்கிட்டு, அப்புறம் தூங்கிருவாரா. நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காதா. அப்ப அது வலிப்பு இல்லம்மா. யாரோ உங்களை ஏமாத்தியிருக்காங்க. வலிப்புன்னா கை கால் வெட்டணும், வாயில நுரை தள்ளணும். நான் பார்த்திருக்கேன். முப்பத்திரண்டு வருஷத்துல மூணு பிள்ளைக்குப் பார்த்திருக்கேன். மத்ததெல்லாம் கவனக்குறைவு.

இல்லம்மா, நீங்க சொல்றது வேற. இது பசி. நான் பக்கத்துல இருந்தேன். நீங்க இருந்தீங்களா? அந்த ரூம்ல நான்தான் இருந்தேன்.

இருங்க, போன் அடிக்குது. குணாதான். போன்னு சொல்லிட்டு இப்ப கூப்பிடுறான். இப்ப அருமை தெரியும்.

என்னடா. ஆமா, தாராபுரம் தாண்டிருச்சு. என்ன? கையெழுத்துப் போடப் போறீங்களா. சரி, போடு, உங்க இஷ்டம், என்னையா கேட்டீங்க. யாரு கேக்கச் சொன்னா? டாக்டரா, உன் பொண்டாட்டியா? எத்தனை தடவைடா கேப்பீங்க? ஒண்ணும் வரல. ஒண்ணும் வரலடா. நான் என்ன குருடா? அழுத்தமாத்தான் சொல்றேன். வை போனை.

இந்தாங்கம்மா, இதைக் கட் பண்ணிக் குடுங்க. கண்ணாடி பைக்குள்ள கிடக்கு, எந்த இடத்துல அமுக்கணும்னு தெரியல. நேத்து இப்படித்தான், வச்சிட்டேன்னு நினைச்சுக்கிட்டு…

ஏன்மா காதுல வைக்கிறீங்க? கட் பண்ணுங்கன்னேன். யார்கிட்டப் பேசுறீங்க?

ஏம்மா. ஏய், இந்தா. அது எங்க வீட்டு விஷயம். பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கேன்னு நாலு வார்த்தை பேசினா, அதை அப்படியே போய் ஒப்பிப்பியா நீ? என்ன பொம்பளை நீ. குடு போனை. கண்டக்டர், இங்க பாருங்க, இந்தப் பொண்ணு என் போனை…

ஆமா, வாயைச் சப்பினா, நான்தான் சொன்னேன், அதுக்கென்ன இப்ப. ஆமா, மோட்டைப் பார்த்தா. கூப்பிட்டேன், திரும்பல. எல்லாம் சொல்லிட்டியா? இன்னும் என்ன இருக்கு, அதையும் சொல்லு.

என்ன? என்ன சொன்ன நீ? சோத்துக்கையாலயா துணியை இழுத்தா?

தப்பு. தப்பாச் சொல்ற. கேட்டதைக் கூட ஒழுங்காத் திருப்பிச் சொல்லத் தெரியல, நீ எல்லாம் பேச வந்துட்ட. குடு இங்க. குடுன்னா குடு.

டேய் குணா. அந்தப் பொண்ணு சொன்னது தப்பு. சோத்துக்கை இல்ல. யாரு? இந்துமதியா. அவன் எங்க? சரி, நீயே கேளு. துணியை இழுத்தது இடது கை. இடது கை. வலது கை என் கையில இருந்துச்சு, அது விறைச்சுக்கிட்டு, மணிக்கட்டுல இருந்து உள்பக்கமா முறுக்கிக்கிட்டு இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு, நான்தானே பிடிச்சிருந்தேன். என்ன மணியா? ஊசி போட்டது பத்து இருபது. இது பத்து முப்பத்தி நாலு. வாட்ச்சைப் பார்த்தேன், எப்படா முடியும்னு. ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. அப்புறம் தூங்கிட்டா, எச்சில் கொஞ்சம் வடிஞ்சுச்சு, நான்தான் தொடைச்சேன். இல்ல, பெல்லை அமுக்கல.

அமுக்கலம்மா.

டாக்டர் பக்கத்துல இருக்காங்களா. எழுதிக்கிட்டாங்களா? இடதுன்னு எழுதச் சொல்லு. திருப்பிப் படிச்சுக் காட்டச் சொல்லு. ம். ம். சரியா இருக்கு.

வேற என்ன. கையெழுத்துப் போடலையா? போடலைல? திரும்ப எடுப்பாங்களா. ம். சரி. இல்ல, சொல்லு. திட்டுறதுன்னா திட்டிரு, பஸ்ஸுல இருக்கேன், கேட்டுக்கிறேன்.

என்ன சொன்ன?

ம்.

வச்சிட்டா.

திட்டல. ஒரு வார்த்தை திட்டலம்மா அவ. "நல்லவேளை மதினி, நீங்களாவது பார்த்தீங்க"ன்னா. அழுதுக்கிட்டே சொல்றா. நல்லவேளையாம். நான் இல்லைன்னு சொன்னது அவளுக்குத் தெரியும். என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டவ அவதான். மூணு நாளாத் தெரிஞ்சிருக்கு, நான் பொய் சொல்றேன்னு. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கேக்கலையே என்னை. ஓட்டை போடுறதுக்குத் தேதி குறிச்சப்பக்கூட அவ என்னைக் கேக்கலையேம்மா. கேட்டிருக்கலாம்ல. முடியைப் பிடிச்சு உலுக்கிக் கேட்டிருக்கலாம்ல.

எட்டு வயசுப் பிள்ளை. என் கைக்குள்ளதான் இருந்துச்சு, அந்தக் கை.

எனக்கு வெக்கமா இருக்கு. நீங்க கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க.